கோட்டுக்குப் போகாத கை

"...மீதி எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன் தம்பி. இது உன் முடியா இல்லையா, அதை மட்டும் வாயைத் தொறந்து சொல்லு."

கேட்டவர் கபடி நடுவர். இடம், பெருங்களத்தூரில் ஒரு பள்ளி மைதானம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் இன்னும் இறங்கவில்லை. அவர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தது கருகருவென்று, அலை அலையாக, நான் காசு கொடுத்து வாங்கி ஒட்டிக்கொண்ட கிராப். நானோ நடுக்கோட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில், இரண்டு கைகளாலும் மண்டையை மூடிக்கொண்டு மண்ணில் குப்புறக் கிடந்தேன். சுற்றிலும் ஊரே நின்றது. பக்கத்தில் வர்ணனை சொல்பவர் மைக்கோடு வந்து நின்றார். மைக் ஆனில் இருந்தது.

(பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று எல்லாரும் சும்மா சொல்வார்கள். நான் அன்றைக்கு நிஜமாகவே எந்தப் பக்கம் பிளக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.)

என் பேர் பாபு. இப்போது இரும்புலியூரில் விளையாட்டுச் சட்டைகளுக்குப் பேரும் நம்பரும் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் டி.வி.யில் வருகிற கபடி லீக்கில் மூன்று சீசன் ரெய்டராக இருந்தேன். மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு எதிராளி இடத்துக்குள் போய்த் தொட்டுவிட்டு ஓடி வருகிற வேலை. நல்ல வேலை. ஒரே ஒரு குறைதான். தலை தெரியும்.

முடி கொட்டுவது யாருக்குத்தான் நடக்கவில்லை? ஆனால் விளையாட்டுக்காரனுக்கு அது டி.வி.யில் நடக்கிறது. கிரிக்கெட்காரன் புண்ணியம் செய்தவன், அவனுக்குத் தொப்பி இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது. கால்பந்துக்காரன் எங்கேயோ தூரத்தில் ஓடுகிறான். கபடிக்காரனுக்கு மேலே ஆகாயம்தான். அதுவும் பாடிப் போகிறவன் குனிந்துதான் போக வேண்டும். குனிந்துவிட்டால் அவனுக்கு முகமே உச்சந்தலைதான். லீக்கில் கேமராவை வேறு நேர் மேலே தொங்கவிட்டிருப்பார்கள்.

முதல் சீசனில் என் வகிடு கொஞ்சம் அகலமாயிற்று. இரண்டாவதில் வகிடு எது, வெளி எது என்று தேட வேண்டியதாயிற்று. மூன்றாவதில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. சேலையூரில் இருக்கும் எங்கள் அத்தை மேட்ச் முடிந்ததும் போன் போட்டார். "நல்லாத்தான் விளையாடினே பாபு. தலையில என்னடா, லைட்டு ஏதாச்சும் மாட்டி விட்டுட்டாங்களா?"

மேலே போனதைக் கீழே வளர்த்துப் பார்த்தேன். தாடி மார்பு வரை வந்தது, பிரயோஜனமில்லை. தலையில் பட்டை கட்டினேன், சட்டிக்கு மூடி போட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது சீசனுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் பெரிய பேனர் வைத்தார்கள். ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிறோம். மற்ற ஆறு பேருக்கும் முழுத் தலை. என்னை மட்டும் புருவத்தோடு வெட்டி, மேலே அணியின் சின்னத்தை உட்கார வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "ஸ்பேஸ் பத்தல சார்" என்றார் டிசைன் போட்டவர். இடம் தாராளமாக இருந்தது. என் தலையிலேயே ஏக்கர் கணக்கில் இருந்தது.

அந்தச் சீசனோடு என்னை விடுவித்துவிட்டார்கள். பயிற்சியாளர் சொன்ன காரணம், மூச்சு. "பாதி ரெய்டுலயே உன் பாட்டு நின்னுடுது பாபு. மூச்சைக் கொண்டு வா, பேசலாம்."

நான் நம்பவில்லை. பேனர்தான் என் கண் முன்னால் நின்றது. என் மனைவி அமுதா பள்ளியில் கணக்கு டீச்சர். அவளிடம் சொன்னேன், "மூச்சுன்னு சும்மா சொல்றாங்க. எல்லாம் முடிதான்."

"அவங்க மூச்சுன்னா மூச்சுதாங்க. உங்களுக்குத்தான் எதைக் கேட்டாலும் முடின்னு காதுல விழுது. முடி வச்சா பாட்டு வருமா?"

சும்மா சொல்லக் கூடாது, மூச்சுக்கும் உழைத்தேன். விடியற்காலையில் தாம்பரம் மேம்பாலத்தின் மேல் பாடிக்கொண்டே ஓடினேன். (முதல் பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.) நான்கைந்து மாதத்தில் மூச்சு திரும்பியது. அப்போதுதான் எங்கள் ஊர்க் கபடிக் குழுத் தலைவன் துரை ஓடி வந்தான். "மச்சான், பெருங்களத்தூர் ஃபைனலுக்கு விக்டர் சார் வர்றாராம்!" விக்டர் சார் என்றால் லீக் அணிகளுக்கு ஆள் பொறுக்குகிறவர். அவர் தலையாட்டினால் நான் மறுபடி உள்ளே. இல்லாவிட்டால் என் வயதுக்கு அதுதான் கடைசி வண்டி.

மூச்சு திரும்பியவன் அதோடு நின்றிருக்க வேண்டும். நின்றேனா? நாவலூருக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஓ.எம்.ஆரில் ஒரு ஹேர் பேட்ச் கடை. காத்திருந்தவர்கள் எல்லாரும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஐ.டி. பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் வீங்கின காதும் பிளாஸ்திரி போட்ட முழங்காலுமாக நான். உள்ளே ஒரு தம்பி என் தலையை அளவெடுத்தபடியே கேட்டான்.

"என்ன வேலை சார்?"

இங்கேதான் என் கதை முடிந்தது. கபடி என்று சொன்னால் முகம் தெரிந்துவிடும், வெளியே பேசுவார்கள் என்று பயம்.

"ஐ.டி." என்றேன்.

"ரொம்ப வேர்க்குமா சார்?"

"ஏ.சி.தான் எப்பவும்."

"அப்ப ஒட்டறதுக்கு லைட் டேப்பே போதும் சார். ஆறு வாரம் அசையாது. பைக் ஓட்டலாம், ஹெல்மெட் போடலாம், பார்ட்டில டான்ஸ் ஆடலாம்."

எதிரணியில் ஏழு பேர் மேலே விழுவார்கள், அதற்குத் தாங்குமா என்று கேட்க வாயெடுத்தேன். ஐ.டி.யில் அப்படி விழ மாட்டார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நுழைந்தபோது துரை என்னைத் தாண்டிப் போய்விட்டான். திரும்பி வந்து மேலும் கீழும் பார்த்தான். "டேய், நீயா? கல்யாண வூட்டுக்கு வந்த யாரோன்னு நெனச்சிகினேன்டா. இன்னாடா இது?" தொட்டுப் பார்க்க வந்த கையைத் தட்டிவிட்டேன். "கேமுக்குத் தாங்குமா மச்சான்?" என்றான். "ஆறு வாரம் தாங்கும்" என்றேன்.

விக்டர் சார் முதல் வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அமுதாவும் எங்கள் மகளும் கூட்டத்தில் இருந்தார்கள். நடுவராக வந்தவரைத் தாம்பரம் பக்கம் எல்லாரும் தொப்பி சார் என்பார்கள். அறுபதை நெருங்கியவர். வெயிலோ மழையோ, நெற்றி வரை இழுத்துவிட்ட வெள்ளைத் தொப்பி. அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு பாசம். சரி, நம்ம கட்சிக்காரர், வெளியே காட்டிக்கொள்ளாமல் காலத்தை ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிரணி அனகாபுத்தூர். முதல் பாதியில் பாயிண்ட் எடுத்தேன் என்றாலும், பாதி கவனம் மேலேயே இருந்தது. குனிந்து போக வேண்டியவன் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு போனேன். "இன்னாண்ணா, கண்ணாடி கடைக்குப் போறியா?" என்று பிடிக்க நின்ற அவர்கள் ஆள் ஒருவன் கேட்டான். இரண்டாவது பாதியில் வேர்வை ஊற்றியது. நாவலூர் டேப் அதுவரை வேர்வையையே பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு ரெய்டுக்கும் முன் முடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, புருவத்தைத் தொட்டுப் பார்த்தது. துரை காதோரம் வந்து, "மச்சான், உன் நெத்தி எங்கடா?" என்றான்.

கடைசி ரெய்டு. இரண்டு அணியும் சமம். நான்தான் போக வேண்டும். போனேன். அந்த ஒரு தடவை மட்டும் தலையை மறந்தேன், இப்போதும் நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. பாட்டு கணீரென்று அறாமல் வந்தது. ஓரத்தில் இருந்தவனைக் காலால் தொட்டேன், திரும்பினேன், கோட்டைப் பார்த்துப் பாய்ந்தேன். பின்னாலிருந்து அவர்கள் ஓர ஆட்டக்காரன் எகிறி என் தோளைப் பிடித்தான். வேர்வையில் கை வழுக்கி மேலே ஏறியது. சர்ரென்று ஒரு சத்தம்.

உச்சந்தலையில் காற்றுப் பட்டது.

இப்போது கவனிக்க வேண்டும். என்னைப் பிடித்தவன் கையில் நான் இல்லை. யாரும் என்னைத் தொடவில்லை. குப்புற விழுந்த எனக்குக் கோடு ஒரு சாண். கையை நீட்டினால் போதும், ஜெயித்தோம், விக்டர் சார் எழுந்து நிற்பார். பால் குடிக்கும் குழந்தைகூட நீட்டியிருக்கும்.

என் இரண்டு கையும் தலைக்குப் போயின. பாட்டு நின்றது. கோட்டைத் தொடுவதற்குள் பாட்டு நின்றால் பாடியவன் அவுட்.

"ஐயய்யோ அண்ணா! மண்டத் தோலே வந்துட்ச்சுண்ணா! நான் வோணும்னு இஸ்கலண்ணா!" என்று அந்தப் பையன் அலறினான். பாவம், கையிலிருந்ததை உதறவும் பயம், வைத்திருக்கவும் பயம். தொப்பி சார்தான் வந்து வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் வழக்கு. கபடியில் பாடி வருகிறவனைக் கை, கால், உடம்பு என்று பிடிக்கலாம். முடியைப் பிடித்து இழுத்தால் பிடித்தவன் மேல்தான் தப்பு, பாயிண்ட் பாடியவனுக்கு. ஆனால் மோதிரம், சங்கிலி மாதிரி வெளிச்சாமான் எதையும் மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கக் கூடாது. ஒட்டுமுடி இதில் எந்தப் பக்கம் என்று விதி எழுதியவர்கள் யோசித்திருக்கவில்லை.

"முடின்னு சொல்லுடா மச்சான்! மொளைச்சது, வாங்கினது எல்லாம் முடிதான்டா!" என்று துரை கத்தினான்.

"இன்னா சார் நியாயம் இது? கடைல வாங்கினத இஸ்தா ஃபவுலா? அப்ப நாளைக்கு நாங்களும் ஆளுக்கு ஒண்ணு ஒட்டிகினு வந்துர்றோம்!" என்றான் அனகாபுத்தூர் கேப்டன்.

அப்போதுதான் தொப்பி சார் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வியைக் கேட்டார். மைக் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீண்டது. அவர் குரலில் கேலி இல்லை. எனக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டார். "முடிதான் சார்" என்றால் ஜெயித்தோம். "ஒட்டினது சார்" என்று எழுந்து நின்று சொல்லியிருந்தால் தோற்றிருப்போம், ஆனால் நின்றுகொண்டு தோற்றிருப்போம்.

நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அது என்னுது இல்ல சார்."

ஒலிபெருக்கி அதைப் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோனது. பிறகு எழுந்த சிரிப்பு இருக்கிறதே, பண்டிகைக்கு அங்கே பஸ் ஏறி ஊருக்குப் போகிற கூட்டம்கூட அப்படி ஆர்ப்பரித்து நான் கேட்டதில்லை. (பாபு உண்மை பேசினான் என்று இரண்டு பேர் அப்புறம் பாராட்டினார்கள். உண்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த முடிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று தப்பிக்கப் பார்த்தேன், அவ்வளவுதான்.)

பாயிண்ட் அனகாபுத்தூருக்குப் போனது. கோப்பையும் போனது. துரை என்னைத் திட்டவில்லை. சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே, "ஒரு சாண்டா மச்சான்" என்று மட்டும் சொன்னான். திட்டியிருக்கலாம்.

விக்டர் சார் போகும்போது என்னிடம் நின்றார். "உன்னை விட்டதுக்குக் காரணம் மூச்சுதான் பாபு. திரும்பிடுச்சுன்னு சொன்னாங்க, பார்க்க வந்தேன். திரும்பிடுச்சு. நல்லா இருந்துச்சு. ஆனா கோட்டுக்குப் போக வேண்டிய கை தலைக்குப் போற ஆளை..." முடிக்காமல் தோளைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினார். போன் வரவில்லை. இன்றைக்கும் டி.வி.யில் லீக் ஓடினால், கோட்டுக்குப் பாய்கிற ஒவ்வொருவன் கையையும் பார்ப்பேன். எல்லார் கையும் கோட்டுக்குத்தான் போகிறது.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து எதற்கும் யாரும் பொறுப்பு ஏற்பதில்லை. தட்டைக் கழுவாமல் போட்டது யார் என்றால் மகள், "அது என்னுது இல்ல சார்" என்கிறாள். கேஸ் அடுப்பில் பால் பொங்கினால் அமுதாவும் அதையேதான் சொல்கிறாள். அத்தை தன் பல் செட்டைத் தொலைத்துவிட்டு, நான் கண்டுபிடித்துக் கொடுத்தபோது, வெறும் வாயோடு அதைத்தான் சொன்னார். நானும் சிரிக்கிறேன். கடையில் பையன்கள் சட்டைக்கு நம்பர் போடக் கொண்டு வரும்போது மட்டும், முதுகில் எந்தப் பேர் வேண்டும் என்று கேட்டுவிட்டு, "உன்னுதுதானே?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

தொப்பி சார் பாயிண்டை அந்தப் பக்கம் கொடுத்ததைச் சொன்னேன். கொடுப்பதற்கு முன்னால் அவர் செய்ததைச் சொல்லவில்லை.

"என்னுது இல்ல சார்" என்று நான் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். சிரிப்பு அடங்கவில்லை. கையிலிருந்த கிராப்பை மடித்து, கைக்குட்டை மாதிரி தன் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பிறகு தன் தொப்பியைக் கழற்றினார். உள்ளே, அந்த வயதில், சீப்பு நுழையாத அடர்த்தியில் அப்படி ஒரு முடி. கூட்டமே வாயடைத்து அவர் தலையைப் பார்த்தது. அவர் அதைச் சட்டை செய்யாமல், என் கைகளை மெதுவாக விலக்கி, தொப்பியை என் தலையில் வைத்து, காது வரைக்கும் இழுத்துவிட்டு எழுந்து நின்றார். விசிலை ஊதி, அனகாபுத்தூர் பக்கம் கையைத் தூக்கினார்.