டி-க்குப் பக்கத்து வெறுங்காணி

காலமை ஒன்பது மணிக்குப் பிரகலாதனின் கொம்பியூட்டர் கையை விரித்துவிட்டது. சி டிரைவ் சிவப்பாய்க் கிடந்தது, இடமில்லையாம். பின்னேரம் நாலு மணிக்குக் கோயிலில் தவில் சமா, வித்துவான்கள் மாறிமாறி அடிக்கிற கச்சேரி. தவிலுக்குப் பேர்போன அளவெட்டியில் இருந்துகொண்டு அதைப் பதியாமல் விடலாமோ? கமராவில் கிடக்கிற ஒன்பது நாள் திருவிழாவை இறக்கினால்தான் பத்தாம் நாளுக்கு இடம்.

தெற்கு வேலியை அடைக்கச் சொல்லி மனைவி ஆரபி மூன்று மாதமாகக் கேட்கிறாள். அதற்கு நாரி நோ, இடுப்பு வளையாதாம். கொம்பியூட்டரைக் கிண்ட நாரி நோவில்லை.

கிண்டியதில் டிஸ்கின் கடைசியில் ஒருவருக்கும் பிரித்துக் கொடுக்காத இருநூறு ஜிபி அகப்பட்டது. ஆனால் சி-யை அகட்ட முடியவில்லை. வெறும் இடம் ஒட்டிக் கிடந்தால்தான் அகட்டலாம். நடுவில் டி. டி முழுக்க ஆரபியின் இணையத் தையல் வகுப்பு.

பிரகலாதன் காணி அளக்கிற கந்தோரில் படம் கீறுகிறவர். கை சும்மா இருக்குமா? ஒரு கலியாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் படமே கீறிவிட்டார். மேற்கே சி, தன் பெயர். நடுவில் டி, ஆரபி. கிழக்கே வெறுங்காணி. டி-யின் மேல் சிவப்பில் ஒரு வெட்டு.

பிறகு குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற ஆரபியிடம் போய் முகத்தைத் தொங்கப்போட்டார்.

"இஞ்சை பாரும், உம்மடை டி-க்குள்ளை வைரஸ் பூந்திட்டுது."

"என்னப்பா செய்யிறது?"

"உம்மடை சாமானை வெளியிலை எடுத்துப்போட்டு டி-யை அழிக்கவேணும். பிறகு என்ரை பக்கத்திலை உமக்கு ஒரு மூலை தாறன்."

"உங்கடை பக்கத்திலையோ?"

"ஓம். நான் என்ன பிறத்தியோ?"

"சரி, குளிச்சுச் சாப்பிட்டிட்டு வந்து அழியுங்கோ."

இவ்வளவு லேசில் ஓம்படுவாளென்று அவர் நினைக்கவில்லை. கிணற்றடியில் குளிக்கும்போது பாட்டு வேறு. ஆரபி அச்சுவேலிக்காரி. ஒன்றரை முழ வேலிக்காக முப்பது வருசம் வழக்காடின வீட்டுப் பிள்ளை. காணிப் படத்தைத் தலைகீழாய்க் கொடுத்தாலும் வாசிப்பாள். டி-யை வெட்டிக் கீறின படத்தை இவர் கொம்பியூட்டர் மேசையிலேயே விட்டுப்போட்டு வந்திருந்தார்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வெறுங்காணியைக் காணவில்லை. டி கொழுத்துப்போய்க் கிடந்தது. சி அதே சிவப்பில். கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் ஆரபி.

"இதென்ன வேலை?"

"வெறுங்காணி என்ரை எல்லையோடைதானே ஒட்டிக் கிடந்தது. ரெண்டு தரம் அமத்தினன், வந்திட்டுது. ஒண்டையும் அழிக்கத் தேவையில்லை."

"அப்ப வைரஸ்?"

"அதை நீங்கள்தான் சொல்லவேணும்."

அவருக்கு அழுகை வராத குறை.

"தவிலுக்கு ஒரு துண்டு இடம் தாருமன்."

"தாறன். டி-க்குப் பூட்டுப் போட்டிருக்கு. தெற்கு வேலியை அடைச்சுப்போட்டு வாங்கோ, திறந்து விடுறன்."

"நாரி..."

"நாரிக்குள்ளையும் வைரஸோ?"

நாலு மணிக்குத் தவில் சத்தம் காற்றோடு வந்தது. பிரகலாதன் வேலிக்குப் பன்னிரண்டாவது கதியால் தடியை நட்டுக்கொண்டிருந்தார். இன்னும் அரைவாசி வேலி கிடந்தது. கமராவை டி-யில் இறக்கி வெறுமையாக்கித் தோளில் கொளுவிக்கொண்டு ஆரபி கோயிலுக்கு வெளிக்கிட்டாள். வாசல் படலையடியில் ஒரு நிமிசம் நின்றாள்.

"கோடு தவறாமல் நடுங்கோ, அப்பா. படம் கீறத் தெரிஞ்ச ஆள்தானே."