தாருமாவின் வலக்கண்

ஹெய்சுகேயின் தூரிகையிலிருந்து ஒரு சொட்டு மை விழுந்தது. விழுந்த இடம், அவர் மனைவி சதோயோவின் தாருமா பொம்மையில் வலக்கண்ணுக்கான வெற்றிடம்.

காகிதக்கூழில் அவர் செய்து விற்கும், கைகால் இல்லாத அந்த உருண்டைப் பொம்மைகளுக்குக் கண் வரைவதில்லை. வாங்குகிறவர் வேண்டிக்கொண்டு இடக்கண்ணை வரைவார்; பலித்தால்தான் வலக்கண். ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று சதோயோவும் ஒரு கண் வரைந்து அலமாரியில் வைத்தாள்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"பலிச்சா உங்களுக்கே தெரியும். அதுவரைக்கும் தொடாதீங்க."

முப்பத்தெட்டு வருஷமாக அவள் சொன்ன எதையும் அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. பொம்மையின் புருவம் அழுதுவடிகிறதே, கொஞ்சம் தூக்கிவிடலாம் என்று கை வைத்தார். போச்சு.

பக்கத்துப் பட்டறை கும்பெய் எட்டிப் பார்த்தான். "அண்ணே, ரெண்டு கண்ணும் திறந்தாச்சா? அண்ணிக்குக் குணமாயிடுச்சா?"

"காயமே ஆறியிருக்காதுடா!"

"ஐயையோ! வேலை முடிஞ்சுதுன்னு தாருமா கையைக் கழுவிடுமே!"

"அதுக்கு ஏதுடா கை?" என்று ஹெய்சுகே எரிந்து விழுந்தார். அவசரமாக வெள்ளையைப் பூசினார். மையோடு கலந்து கண் சாம்பல் நிறமாகிப்போனது.

"கண்புரை மாதிரி இருக்குண்ணே."

காயட்டும் என்று அடுப்போரம் வைத்தார். காகிதக் கன்னம் உப்பி வெடித்தது. பசை தடவி அழுத்தினார். அடியிலிருந்த களிமண் கழன்று விழுந்தது. எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்கார வேண்டிய தாருமா, மல்லாந்து படுத்துவிட்டது.

"நானே அவளைக் கொன்னுட்டேன்டா," என்றார். புத்தாண்டுச் சந்தை வேலை என்று பத்து நாளாக அவளைப் போய்ப் பார்க்கவில்லை. அவளும் வரவேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாள்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு காலில் விழுந்துவிடுவது என்று, பொம்மையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

சதோயோவின் கட்டில் காலியாக இருந்தது. விரிப்புகூட மாற்றியிருந்தார்கள்.

ஹெய்சுகே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மடியில் தாருமா. வாழ்நாளில் முதல்முறையாக, நாலு பேர் பார்க்க மனைவிக்காக வாய்விட்டு அழுதார்.

நர்ஸ் ஓடிவந்தாள்.

"அழாதீங்கய்யா! அவங்க நல்லா குணமாகி, போன செவ்வாய்க்கிழமையே தங்கச்சியோட ஒக்கினாவா போயிட்டாங்க. இனிமே அங்கேயேதானாம். வேண்டுதல் பலிச்சிடுச்சு, அந்த இன்னொரு கண்ணை உங்களையே வரைஞ்சிடச் சொன்னாங்க."