ஈகாரம் விழுங்கிய ஈஸ்வரி

வாழ்க பிரதீப்! மேகம் கூரையிறங்கித் தெருவில் நடைபயிலும் மூஞ்சிக்கல்லில், பேக்கரி மாடியில் மூன்று திங்கள் பாசறை அமைத்த கோவே, வாழ்க! பேத்துப்பாறை நல்லையாவின் தவப்புதல்வனே, இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த குலத்தில் உதித்து விசைப்பலகையில் எழுத்துப் பறித்த பத்துவிரல் வேந்தனே, ஐப்பசியில் ஏற்றிய ஸ்வெட்டரைப் பங்குனி வரை இறக்காத விரதசீலனே, பிழைச்செய்தி நூறு எழுந்து மறித்தாலும் படிக்காமலே 'ஓகே' அழுத்தி அப்பால் நடக்கும் அஞ்சா நெஞ்சனே, நின் புகழ் பாடப் புகுந்தோம். நின் கட்டைவிரல் நகத்துக்கே முதல் வணக்கம், போரில் முதலில் கடிபட்டது அதுவே ஆதலால்.

ஆண்டு இரண்டாயிரத்து நான்கு. மூஞ்சிக்கல்லில் பேக்கரி மாடியில் இருந்த லீலா அக்காவின் திருமணத் தகவல் மையத்தை அறியாதார் இலர். அறியாதவர் போல் நடிப்போர் பலர், அவர்கள் வீட்டு ஜாதகமும் அங்கேதான் கிடந்தது என்பதால். தலையணை பருமனுள்ள நான்கு ஃபைல்களில் பாதி மலையின் நட்சத்திரங்களையும் அடக்கி வைத்திருந்த அந்த அம்மையார்க்கு ஒரு நாள் கம்ப்யூட்டர் ஆசை வந்தது. யார் சொல்லி வந்தது என்பது நமக்குத் தெரியும், இங்கே எதற்கு? அழைக்கப்பட்டான் பிரதீப். அவன் சமைத்த மென்பொருளின் இடப்பக்கம் பெயர் வரிசை. வலப்பக்கமோ, முகவரிப் பட்டை இழந்து, முன்னும் பின்னும் செல்லும் அம்புகள் இழந்து, வெறும் வெண்முகத்தோடு சிறைவைக்கப்பட்ட ஓர் இணைய உலாவி! இடப்பக்கம் ஒரு பெயரைத் தொட்டால், 'டிக்' என்றொரு ஒலி எழும். ரோஜாக்கொடி ஓரமிட்ட பக்கத்தில் புகைப்படமும் உயரமும் ராசியும் எதிர்பார்ப்பும் மலரும். எச்.டி.எம்.எல். என்னும் கட்டளை மொழியால் அப்பக்கங்களை அவன் நெய்தான்.

சிறைப்பட்ட உலாவி எளிதில் பணிந்ததா? இல்லை. நான்கு நாள் ஒரு வரியும் ஏற்காது வெறிக்க வெறிக்கப் பார்த்தது. முதலில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்துகாட்டி, அது வந்து அமர்ந்த பின்னரே எழுத்தை ஊட்ட வேண்டும் என்ற ஞானம் ஐந்தாம் நாள் அவனுக்குச் சித்தித்தது. அந்த வெற்றியைக் கீழே பேக்கரியில் வெஜிடபிள் பஃப் தின்று கொண்டாடினான். இரண்டு தின்றான் என்று பேக்கரியில் சொன்னார்கள்.

ஆனால் பெரும்போர் அதுவன்று. அந்த மையத்தில் தட்டச்சு செய்தவள் ஈஸ்வரி, பாச்சலூர்க்காரி. வயது இருபத்தொன்பது, நடந்தால் தரை அறியாது, பேசினால் தெருவே அறியும். முந்நூறு பேர் வாழ்க்கையைத் தட்டியவள், லீலா அக்கா நச்சரித்ததால் தன் வாழ்க்கையையும் ஒரு பக்கமாகத் தட்டி வைத்தாள். கட்டங்களில் தட்டியபோது பெயர் பளிச்சென்று இருந்தது. இடப்பக்க வரிசையிலும் இருந்தது. உலாவிக்குள் போனதும் காணோம்! 'ஈஸ்வரி, பாச்சலூர்' என்று சிவப்பெழுத்தில் மலர வேண்டிய தலைப்பில் 'பாச்சலூர்' மட்டும் மலர்ந்தது. பார்க்க வந்த முதல் வீட்டார், "பொண்ணு பேரே பாச்சலூரா? ஊருப் பேரைப் போயி பிள்ளைக்கு வப்பாகளா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்தனர். இரண்டாம் வீட்டார் சிரிக்கவில்லை. "பேர மறைக்கிறாகன்னா உள்ள ஏதோ சேதி கெடக்கு" என்று படியிறங்கும்போதே பேசினர். அந்தச் சேதி என்னவென்று தெருவில் மூன்று விதமாகச் சொன்னார்கள். நாமாக எதையும் சேர்க்கவில்லை.

இந்நிலையில்தான் பழனி அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடை ஜெயமுருகனின் தாயார் வீரம்மாளுக்கு லீலா அக்கா தொலைபேசியில் ஈஸ்வரியின் பக்கத்தைத் திரையைப் பார்த்தே படித்துக் காட்டினார். எதிர்பார்ப்பு என்ற இடத்தில் 'எந்த ஊரானாலும் சம்மதம்' என்றிருந்தது. அதைக் கேட்ட வீரம்மாள், "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பிள்ளையா! நாளைக்கே வாறோம்" என்றார். மறுநாள் விடிந்ததும் லீலா அக்கா மாடிப்படியில் நின்று முழங்கினார்:

"தம்பி, அவுக வெள்ளனே பஸ் ஏறிட்டாக. பதினோரு மணிக்குள்ள இந்தப் பிள்ள பேரு பொட்டிக்குள்ள தெரியணும். இதுவும் தட்டிப் போச்சுன்னா பொட்டியத் தூக்கிக்கிட்டு நீங்க கெளம்பிருங்க, நான் என் ஃபைலோட இருந்துக்கிறேன்!"

அருகில் நின்ற ஈஸ்வரி தன் பங்குக்கு அறைகூவினாள்: "முந்நூறு பேருக்கு வருது, எனக்கு மட்டும் வரலைன்னா உங்க பொட்டிக்கும் எனக்கும் என்னங்க முன்பகை?"

மூண்டது போர். பாகனை உதறிய களிறு கரும்புக்காட்டில் புகுந்தாற்போல நம் வீரன் தன் நிரலுக்குள் புகுந்தான். எழுத்தின் அளவைப் பெருக்கினான். 'டிக்' என்றது உலாவி, பாச்சலூர் பெரிதாயிற்று. நிறத்தை மாற்றினான், 'டிக்', பாச்சலூர் பச்சையாயிற்று. உலாவியையே பெயர்த்தெடுத்து வேறொன்றை நட்டான். 'டிக்', புதிய உலாவியிலும் அதே பாச்சலூர். கம்ப்யூட்டரை அணைத்து, ஏழு எண்ணி, மீண்டும் உயிர்ப்பித்தான். அந்த இடைவேளையில் சன்னல் வழி நுழைந்த மூடுபனி, தோற்ற மன்னனின் அரண்மனையில் புகுந்த உறவினர் போல நாற்காலி நாற்காலியாக அமர்ந்தது. ராஜேஸ்வரி என்று தட்டினான், முழுதாக வந்தாள். லோகேஸ்வரி என்று தட்டினான், அவளும் வந்தாள்.

"அப்ப நான் ராஜேஸ்வரின்னு மாத்திக்கவா?" என்றாள் ஈஸ்வரி. வீரன் இரண்டாம் நகத்தைக் கடித்தான். நகம் இன்னும் எட்டு மிச்சமிருந்தது.

மணி பத்தேகால். அப்போது அவள் போகிறபோக்கில் ஒன்று சொன்னாள்: "ஈரோட்டுப் பார்ட்டி ஒருத்தருக்கு ஊரு வரலைங்க. போன வாரமே பார்த்தேன். சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீகன்னு சொல்லல."

ஈரோடு! ஈஸ்வரி! இருளில் மின்னல் வெட்டினாற்போல வீரனின் விழி விரிந்தது. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் மேல் மாட்டிய முகமூடிகள். அவன் பயன்படுத்திய எழுத்துருவில் 'ஈ' என்ற முகமூடிக்குப் பின்னே ஒளிந்திருந்தது ஒரு கோணல் குறி, எச்.டி.எம்.எல். மொழியில் கட்டளை தொடங்கும் இடத்தில் வைப்பார்களே, அதே குறி! அதன் இணையான முடிவுக் குறியோ, காற்புள்ளியின் முகமூடிக்குப் பின்னே இருந்தது. ஆகவே ஈகாரத்தைக் கண்டதும் உலாவி 'இதோ ஒரு கட்டளை' என்று வாயைத் திறந்தது, காற்புள்ளி வந்ததும் மூடியது, இடையில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதது போல அமர்ந்துகொண்டது. ஈ என்றால் கொடு என்று பொருள் சொல்லும் தமிழ். அந்த ஈயே எடுத்துக்கொண்டால் யாரிடம் போய் முறையிடுவது?

எடுத்தான் அஸ்திரம். கோணல் குறிக்குப் பதிலாக 'அண்ட்' என்னும் உம்மைக்குறி ஒன்று, சின்ன ஆங்கில எழுத்து இரண்டு, அரைப்புள்ளி ஒன்று என நான்கு தலை கொண்ட அச்சரத்தை வைத்தால், உலாவி அதைக் கட்டளையாகக் கொள்ளாது, எழுத்தாகவே காட்டும். ஆனால் அவசரம் கண்ணை மறைத்தது! எதிரி மேல் ஏவவேண்டியதைத் தன் படைமேலும் ஏவிவிட்டான். அவன் எழுதிய உண்மைக் கட்டளைகளின் கோணல் குறிகளும் எழுத்தாக மாற, ரோஜாக்கொடி மறைந்து, புகைப்படம் மறைந்து, திரை முழுதும் ஈ, ஈ, ஈ என்று ஈகாரம் மொய்த்தது.

லீலா அக்கா எட்டிப் பார்த்தார். "அட சாமி, பொட்டிக்குள்ள ஈ பூந்துருச்சா! மருந்து அடிக்கவா தம்பி?"

"வேணாங்கக்கா! பத்து நிமிசம்!"

பேருந்து வந்து நின்ற ஒலி கேட்டது. கீழே வீரம்மாளின் குரலும் அவர் மகனின் செருப்பும் படியேறத் தொடங்கின. பதினெட்டுப் படி அது. ஒன்பதாம் படியில் அம்மாளுக்கு மூச்சிரைத்து நின்றது நம் வீரனின் பூர்வ புண்ணியம். அதற்குள் அவன் பழைய சிவப்பை மீட்டு, கட்டளைகளைத் தனியே விலக்கி, தட்டச்சு செய்த விவரங்களின் மேல் மட்டும் அஸ்திரத்தை ஏவி, நிரலை இயக்கி, வியர்வையை ஸ்வெட்டர் கையால் துடைத்தான்.

வந்தவர்கள் அமர்ந்தனர். ஈஸ்வரி சுவரோரம் நின்றாள். துப்பட்டா நுனி அவள் விரலில் எட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தது. மூன்றாம் முறையும் ஊர்ப்பெயரோடு வீடு திரும்புவதா என்பதே அவள் நெஞ்சில் ஓடியது. பிரதீப் விரலை ஓங்கினான். 'டிக்'!

ஈஸ்வரி, பாச்சலூர்.

முரசு முழங்காதது ஒன்றே குறை! சிவந்த எழுத்தில், ரோஜாக்கொடி நடுவில், கீழ்வானத்துச் செம்பரிதி கோடை ஏரியில் எழுந்தாற்போல எழுந்தது ஈகாரம். "வந்துட்டேன்!" என்றாள் ஈஸ்வரி, தன்னை மறந்து. ஜெயமுருகன் திரையை விட்டு அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். லீலா அக்கா ராகம் போட்டு வாசிக்கத் தொடங்கினார்: நட்சத்திரம் வாசித்தார், உயரம் வாசித்தார், எதிர்பார்ப்புக்கு வந்தார்.

"ஈக்கள் மொய்க்கும் கடைவீதியில் குடியிருக்க மாட்டேன், எந்த ஊரானாலும்..."

ராகம் நின்றது. பெயர் மட்டுமா விழுங்கப்பட்டிருந்தது? அந்த வரியின் முற்பாதியும் அல்லவா இத்தனை நாள் உலாவியின் வயிற்றில் கிடந்திருக்கிறது!

"எங்க கடையவா சொல்றாக?" என்றார் வீரம்மாள்.

"யாரு கடையவும் இல்லைங்கம்மா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே அடிச்சது. பொட்டியில வரலைன்னு இப்பத்தான் எனக்கே தெரியும்" என்றாள் ஈஸ்வரி.

"வெல்லமும் வாழப்பழமும் இருந்தா ஈ வரத்தான செய்யும்? வீடு கடைக்கு மேலதானே இருக்கு!"

"ஆத்தா, நம்ம கடையில ஈ இருக்கறது நெசந்தானே" என்றான் ஜெயமுருகன், மெல்ல.

லீலா அக்கா குனிந்து, வீரனின் காதோடு சொன்னார்: "தம்பி, பேரு இருக்கட்டும். அந்த வரிய மட்டும் வெரசா முன்ன மாதிரி ஆக்கிருங்க."

ஓ, மலைநாட்டு மேகங்களே, கேளுங்கள்! வெறுமையை வென்றவன், உலாவியின் வயிற்றைக் கிழித்து ஒரு பெண்ணின் பெயரை மீட்டவன், ஒரே ஓர் அஸ்திரத்தைத் திரும்பப் பெற்றால் அவளுக்கொரு கல்யாணத்தையே பரிசளிக்கக்கூடிய அந்த மாவீரன், மவுஸ் என்னும் எலிக்குட்டியின் மேல் கை வைத்தபடி ஈஸ்வரியை நோக்கினான். அவள் தலையை இப்படியும் அப்படியும் ஒருமுறை அசைத்தாள். வீட்டில் அப்பனிடம் பேசும் இலங்கைச் சொல்லே அவன் வாயில் வந்தது.

"ஏலாதுங்கக்கா."

வீரம்மாளும் மகனும் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு ஒரு மணி பஸ்ஸில் பழனிக்குப் போய்விட்டார்கள்.