பொடி மட்டைக்குக் கற்பூர ஆரத்தி

அபின் கடத்தல்காரனைப் போலீஸ் பிடித்ததும் சினிமாக் கொட்டகையே கைதட்டியது. பிள்ளையார்பாளையம் துரைக்கண்ணு மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், அவரும் ஒரு சரக்குக்காகச் சொந்த வீட்டிலேயே பதுங்கித் திரிகிற ஆசாமி.

சரக்கு என்றால் மூக்குப்பொடிதான். கல்யாணத்துக்கு முந்தைய உறவு. போன மாசம் தறியில் நெய்துகொண்டிருந்த ஒரு முகூர்த்தப் புடவையில் அவர் மூக்கு ஒரு சொட்டுப் பழுப்பு வைத்துவிட, கடைக்காரர் புடவையைத் திருப்பியனுப்பினார். அன்றே மனைவி கிருஷ்ணவேணி பொடிக்குத் தடைச்சட்டம் போட்டாள். திருட்டுத்தனமாகப் போடலாமென்றால் அவருடையது கோர்வைத் தறி. நடுப்பாகத்தை அவர் நெய்ய, கரைக்கு, வயிற்றில் நூல்கண்டு சுமக்கிற மரநாடாவைக் கோக்க அவள் பக்கத்திலேயே உட்கார வேண்டும். முழங்கை இடிக்கிற தூரத்தில் போலீஸை வைத்துக்கொண்டு எவன் கடத்துவான்?

சோறு இறங்கவில்லை. கை ஓடவில்லை. செத்துப்போய்விடலாம் என்றுகூட நினைத்தார். அதற்கும் தைரியம் வர ஒரு சிட்டிகை வேண்டியிருந்தது.

"அவன் இன்னாபா தப்பு பண்ணான்?" என்று கேட்டார், படத்துக்குக் கூட்டிவந்த எதிர்வீட்டுக் கண்ணாயிரத்திடம்.

"கூட இருந்தவன நம்பிட்டாண்ணா. தாடி ஒட்டிக்கினு கூட்டத்துல சேந்தவன் போலீஸுன்னு தெரியாம போச்சி."

"என் கூட்டத்துல நீ ஒருத்தன்தான். உனக்குத் தாடியும் கெடையாது."

"அப்ப கவலைய விடுண்ணா. பொடி மட்டைய நான் கொண்டாறேன். எங்க வெப்பே, அத்த மட்டும் சொல்லு."

"தறிக்குழியில ஒடஞ்ச நாடா ஒண்ணு கெடக்குது. அது வயித்துல."

மட்டை வந்து சேர்ந்தது. துரைக்கண்ணு அதைப் பிரிக்கவில்லை. மறுநாள் அமாவாசை. தறிக்கு லீவு. அவள் கோயிலுக்குப் போவாள். மூக்கும் அவரும் மட்டும் இருப்பார்கள். அந்தச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

ஒன்றை மட்டும் மறந்தார். அமாவாசை என்றால் தறிக்குப் பூசை. பூசை நேரத்தில் பொடி வாங்கக் கடைத்தெருவுக்கு நழுவியே பழகிய மனிதருக்கு, கால் வைக்கிற குழி வரைக்கும் பெருக்கி எல்லாச் சாமானையும் சாமிக்கு முன்னால் வைப்பார்கள் என்பது எப்படித் தெரியும்?

குளித்துவிட்டு வந்தால், புது நாடாக்களுக்கு நடுவில் உடைந்த நாடா குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண்ணாயிரம் பயபக்தியோடு ஓரமாக நின்றான்.

"ஒடஞ்சது எதுக்குடி பூசையில?"

"அதுவும் ஒழச்சதுதானேங்க. உங்களாட்டம் ஓஞ்சிபோய்க் கெடக்குது. கும்புடுங்க."

கற்பூரம் சுற்றியது. துரைக்கண்ணு வாழ்க்கையில் முதல் தடவையாக உருகிக் கும்பிட்டார். ஏகாம்பரநாதா, இவள் கை அந்த நாடாப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

அவள் கை நேராக அங்கேதான் போனது. மட்டையை எடுத்தாள். சுண்டலோடு சேர்த்துக் கண்ணாயிரத்திடம் கொடுத்தாள். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அங்கேயே பிரித்து ஒரு சிட்டிகை இழுத்தான். வாசனை மட்டும் துரைக்கண்ணுவின் மூக்கு வரை வந்துவிட்டுப் போனது.

"நீயாடா?"

"மன்ச்சிக்கோண்ணா. புடிக்கிற சரக்கு எனக்குன்னு அண்ணி சொல்லிச்சி. என் வீட்லயும் தடைதான்."

துரைக்கண்ணு தறிக்குழி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தார். இனி எந்த மூக்கை வைத்துக்கொண்டு உயிர்வாழ்வது?

"எல்லாம் அந்தப் பாழாப்போன படத்தால வந்துது. அதுக்கு நான் போவாமயே இருந்திருக்கணும்."

கிருஷ்ணவேணி கற்பூரத் தட்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அது எப்டீங்க? ரெண்டு தரம் நான் பாத்துட்டுதானே, இவன்கிட்ட டிக்கெட்டுக்குக் காசு குடுத்து உங்கள அனுப்பிச்சேன்."