பன்றித்தொடைக்கு வைத்தியம்

கிரீட் தீவில் எங்கள் மலைப்பாறைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் டிக்டமோஸ் செடி முளைக்காது. ஒரு சாண் உயரம், பஞ்சு ஒட்டிய இலை, இளஞ்சிவப்புப் பூ. அம்பு தைத்த காட்டாடு இதைத் தின்றால் அம்பு தானாக விழுந்துவிடுமாம். ஆட்டைக் கேட்டுவந்து சொன்னவர் யாரோ, தெரியவில்லை.

எங்கள் ஊர் நாட்டு வைத்தியன் ஸ்டமாத்திஸுக்கு அது போதாதா? பாறையில் தலைகீழாகத் தொங்கிப் பறித்தானாம். அரைத்துக் கட்டி மூன்று முறை ஊதினால், உடம்புக்குள் இருக்கும் துப்பாக்கிக் குண்டு 'டிங்' என்று தட்டில் விழும். கல்யாணம் என்றால் நாங்கள் வானத்தைச் சுட்டே தீருவோம். வானம் தப்பித்துக்கொள்ளும், பக்கத்தில் நிற்பவன்தான் மாட்டுவான். ஆகவே ஸ்டமாத்திஸ் வாசலில் நொண்டிகள் கூட்டம் அலைமோதியது. வைத்தியக்கூலி ஒரு பாலாடைக்கட்டி.

கல்லிரோயியின் கணவன் சிஃபிஸுக்கு மச்சினன் கல்யாணத்தில் தொடையில் குண்டு பாய்ந்தது. வைத்தியம் முடிந்து பத்து நாளாகியும் கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வாய்யா. இப்படியே விட்டா காலையே வெட்ட வேண்டியதாயிடும்."

"போடி! குண்டு விழுந்ததை என் கண்ணால பார்த்தேன்."

"தட்டுல விழுந்ததைப் பார்த்தே. கால்லேர்ந்து வந்ததைப் பார்த்தியா?"



ஞாயிற்றுக்கிழமை கல்லிரோயி சிஃபிஸையும், கம்பளி போர்த்திய இன்னொரு நோயாளியையும் வண்டியில் ஏற்றி ஸ்டமாத்திஸ் வாசலுக்கு வந்தாள். கம்பளிக்கு வெளியே ஒரு பூட்ஸும் கட்டுப்போட்ட கெண்டைக்காலும் மட்டும் தெரிந்தன.

"எங்க சித்தப்பா மகன், சாமி. பேச்சு மூச்சில்லே."

"இன்னும் மூணு நாள் தாமதிச்சிருந்தா போய்ச் சேர்ந்திருப்பான்" என்றான் ஸ்டமாத்திஸ். கண்ணை மூடினான், இலையை அழுத்தினான், ஊதினான். டிங்! கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது.

கல்லிரோயி கம்பளியை உருவினாள். இரண்டு தலையணை, பூட்ஸ் மாட்டிய புகைபோட்ட பன்றித்தொடை!

"இதை எந்தக் கல்யாணத்துலய்யா சுட்டாங்க?" என்றபடி இலைப்பற்றைப் பிய்த்தாள். பற்றுக்குள்ளேயே இன்னும் இரண்டு குண்டு ஒளிந்திருந்தன.

சிஃபிஸ் வெளிறிப்போனான். "வண்டியை எடும்மா. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

ஸ்டமாத்திஸ் பின்வாசல் வழியாக நழுவினான். ஆனால் கூட்டத்தில் நின்ற எங்கள் லெஃப்தெரிஸ் பெரியவருக்கோ பரவசம். "செத்த பன்றிக்கே குண்டு வெளிய வந்துச்சுன்னா, செடிக்கு எவ்வளவு சக்தி பாருங்கடா!"

நாலைந்து தலைகள் ஆடின. கல்லிரோயி வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"பன்றிகூட செத்த பிறகுதான் யோசிக்கிறதை நிறுத்துச்சு. உங்களுக்கெல்லாம் என்ன அவசரம்?"