களிம்பு மாமாவின் வெண்கல விளக்கு

பாத்திரம் தேய்ப்பதை மகாபாவம் என்று நம்பிய ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் களிம்பு மாமாதான். எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் அவர் வீட்டு மாடி அறையில் நான் குடியிருந்தேன். கீழே அவரும் மாமியும். இருவரும் கால் நீட்ட இடமில்லாதபடி பழைய சாமான்கள்: பர்மா வெற்றிலைப் பெட்டி, சீனத்துத் தட்டு, ஜப்பான் பொம்மை, மலையாளத்து உருளி. பித்தளையிலோ வெண்கலத்திலோ பச்சைக் களிம்பு பூத்திருந்தால் போதும், மாமாவுக்குக் கண் கலங்கிவிடும்.

"களிம்புதான் சார் வயசுக்கு அத்தாட்சி. தேய்ச்சேளோ, போச்சு! வெறும் பாத்திரம்" என்பார். பெயர் வந்த கதை அதுதான்.

வயசு விஷயத்தில் அவர் தாராளப் பிரபு. திங்கட்கிழமை நாயக்கர் காலத்தில் இருக்கிற செம்பு, வெள்ளிக்கிழமைக்குள் சோழர் காலத்துக்குப் போய்விடும். கூடத்தில் ஒரு பீங்கான் ஜாடி இருந்தது. சீனத்துச் சக்கரவர்த்தியின் அரண்மனையிலிருந்து கப்பலேறி வந்ததாம்.

"எதிராத்துல இதே மாதிரி ஒண்ணு இருக்கே? அதுல மாவடு போட்டு வெச்சிருக்கா" என்றாள் மாமி.

"அதுவும் சக்கரவர்த்தியோடதுதான். அவாளுக்குத் தெரியலை, பாவம்!"

அதைவிடக் கொடுமை அவருடைய படிக்கம். எந்த ஜமீன்தார் எத்தனை காலம் வெற்றிலைச் சாறு துப்பினாரோ, அதில் ரோஜாப்பூவைச் செருகி வைத்து, வருகிறவர்களை முகர்ந்து பார்க்கச் சொல்வார். ஜலதோஷம் என்று சொல்லி நான் தப்பித்துவிடுவேன். வருஷம் முழுக்க எனக்கு ஜலதோஷம்தான்.

பழைய பித்தளையை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் கொடுக்கிற வியாபாரிகள் அப்போது தெருத்தெருவாக வருவார்கள். ஊரே பித்தளையைத் தலைமுழுகிக்கொண்டிருந்த சமயம். வியாபாரியின் குரல் கேட்டால் மாமா சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவார். ஒருநாள் ஒரு பழைய அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்.

"இன்னா சாமி, அடில ஓட்ட கீது. அதப் போய் புட்ச்சிக்கினு நிக்கிறே?"

"ஓட்டைதாம்ப்பா அழகு!"

வியாபாரி என்னைப் பார்த்தான். "வூட்ல பெரியவங்க யாரும் இல்லியா நைனா?"

இத்தனை பித்தளை இருந்தும் மாமிக்கு அலுமினியத்தில்தான் சமையல். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கும் பாத்திரம் தேய்க்கிற புளிக்கும் நடுவே மாமா குறுக்கே நின்றார். மற்ற வீடுகளில் வெள்ளிக்கிழமை விளக்கு மின்னும்போது இங்கே மட்டும் எல்லாம் குளத்திலிருந்து எடுத்த மாதிரி இருக்கும். மாமிக்கு அது பெரிய குறை.

இப்படியிருக்க, கலைப்பொருள் கண்காட்சி ஒன்றுக்காகச் சாமான் தேடிக்கொண்டிருந்த நிபுணர் ஒருவர், மாமாவின் தொங்கு விளக்கைப் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டார். உச்சியில் அன்னம் வைத்த வெண்கல விளக்கு அது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அது ஒன்று மட்டும் நிஜமாகவே பழசு. கண்காட்சியில் அந்த விளக்கு, அதன் கீழே ஒரு சின்ன அட்டையில் தன் பெயர். வாழ்க்கையில் மாமா ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

"ஊரே என்னைப் பைத்தியம்கறது சார். எல்லாரும் அந்த அட்டையை வந்து பார்க்கட்டும்" என்றார். ஊர் சொன்னதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நிபுணரை அழைத்துவர மாமா லஸ் முனைக்குப் போனார். பெரிய மனுஷர் வருகிற நாளில் விளக்கு அழுக்காகத் தொங்கலாமா? மாமி புளி, சாம்பல், போதாததற்குச் செங்கல் பொடி சகிதம் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை வருஷத்து ஆசை! நான் படியிறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்னத்தின் வயிற்றில் என் முகம் தெரிந்தது.

மாமா நிபுணரோடு வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நிபுணர் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அருமையான விளக்காயிற்றே, எந்த முட்டாள் இதை இப்படிச் சுரண்டிவைத்தான் என்று இங்கிலீஷில் கத்தினார். சமையலறை வாசலில் மாமி, அந்தப் பாஷை தெரியாமல், ஏதோ புகழ்கிறார் என்று சிரித்தபடி நின்றாள்.

இன்றைக்கு வீடு ரெண்டுபடப்போகிறது என்று நான் ஆவலோடு காத்திருந்தேன்.

"நான்தான் சார் தேய்ச்சேன். எனக்கு விவரம் போதாது" என்றார் மாமா, அவரும் இங்கிலீஷிலேயே.

நிபுணர் தலையை ஆட்டிக்கொண்டே, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

"என்ன சொன்னார்?" என்றாள் மாமி.

"இத்தனை சுத்தமா எந்த ஆத்துலயும் பார்த்ததில்லையாம்."

மாமி முகமெல்லாம் பூரிப்பாக உள்ளே போனாள். மாமா தரையில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல எனக்கு ஒரு கேலி வாயில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கிறுக்கு மனிதர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது.