பிளாஸ்கில் இருந்தது பீட்ரூட் சூப்

எட்மண்டனில் வாழும் என் மதிப்புக்குரிய ஓல்கா அக்காவுக்கு, தம்பி ஒரெஸ்ட் வாயால் சொல்லி எழுதுவிக்கும் கடிதம். நானும் சோனியாவும் சுகம். கோழிகளில் மூன்று குளிரில் போய்ச் சேர்ந்தன, மற்றவை சுகம். உன் முழங்காலும் அத்தானின் காதும் ஆண்டவர் அருளால் தேறட்டும். மரியாதை இத்தோடு போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

என்னை வேலையை விட்டு நீக்கி இரண்டு வருஷம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். எப்படி நீக்கினார்கள் என்பது தெரியாது, ஏனென்றால் போனில் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது, சோனியா போனைப் பிடுங்கிவிடுகிறாள். முப்பத்தோரு வருஷம் இந்த ஊர் ஹாக்கி அரங்கில் பனிவண்டி ஓட்டினேன் அக்கா. ஆட்டக்காரர்கள் கீறிக் குதறிய பனியை இடைவேளைக்குள் வழித்துக் கண்ணாடியாக்கித் தருவேன். அன்று ஜனவரி ஆறாம் தேதி, நம் கிறிஸ்துமஸுக்கு முந்தின விரத நாள், வெளியே மைனஸ் முப்பத்தெட்டு, மதிய ஆட்டம். வயிறு காயக் கூடாதென்று சோனியா பிளாஸ்கில் போர்ஷ் சூப் ஊற்றிக் கொடுத்திருந்தாள். இறைச்சி கிடையாது, சுத்த பீட்ரூட். நான் குடித்ததை அரங்கை நடத்தும் கமிட்டியின் ஆள் ஒருவன் தூரத்திலிருந்து பார்த்தான். சிவப்பாக இருந்ததாம், ஆவி பறந்ததாம், நான் சூடான ஒயின் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறேனாம்! கிட்டே வந்து ஒரு தடவை மோந்து பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஒரு வாரத்தில் பதிவுத் தபால் வந்தது. எனக்கு எழுத்து வாசனை இல்லை, சோனியாவுக்கு உக்ரேனிய எழுத்து மட்டும்தான் தெரியும். இருபத்தாறு வருஷமாக எனக்கு வரும் தபாலையெல்லாம் படித்துச் சொல்வதும், நான் அனுப்புவதை எழுதுவதும் பக்கத்து வீட்டு ஹெர்மன் ஃபேர்தான். அவன்தான் அரங்குக்கு மேனேஜர். வழக்கம்போல அவனிடமே எடுத்துக்கொண்டு போனேன். அதில் கையெழுத்துப் போட்டவனே அவன்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"என்னடா ஹெர்மன், தபால்காரன் கையெழுத்தெல்லாம் வாங்கிட்டுப் போறான்?"

அவன் காது இரண்டும் தக்காளியாகிவிட்டது. "அது வந்து... கமிட்டி புத்தாண்டு வாழ்த்து அனுப்பியிருக்கு, ஒரெஸ்ட்."

"ரெண்டு பக்கத்துக்கா?"

"ரொம்ப மனசார வாழ்த்தியிருக்காங்க."

வேலைநீக்கக் கடிதத்தை நான் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன் அக்கா! விருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்! சனிக்கிழமை வழக்கம்போல வேலைக்கும் போனேன். முதல் இடைவேளையில் பாதிப் பனியை வழித்திருப்பேன், ஒலிபெருக்கி கரகரத்தது. ஹெர்மன் குரல். "ஒரெஸ்ட் பவ்லிஷின், உங்கள வேலைய விட்டு நீக்கியாச்சு. போதையில வேலை செஞ்சதா புகார். தயவு செஞ்சு வண்டிய விட்டு இறங்குங்க. சாரி." எழுநூறு பேர் கேட்டார்கள். பாதிப் பனி கரடுமுரடாகக் கிடக்கும்போது எப்படி இறங்குவது? இன்னும் நாலு சுற்று பாக்கி. அந்த வண்டி மணிக்குப் பதினாலு கிலோமீட்டருக்கு மேல் நகராது. எழுநூறு பேரும் பார்த்திருக்க, குடிகாரன் என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு நாலு சுற்றும் மெதுவாகச் சுற்றினேன். கடைசி மூலையை இரண்டு தடவை வழித்தேன்.

கமிட்டிமேல் வழக்குப் போட்டேன். என் வக்கீல் மெக்ஃபாடன் எனக்குப் பாடம் எடுத்தார். "மிஸ்டர் பவ்லிஷின், முன்னறிவிப்பு இல்லாம நீக்கினதுக்கு நஷ்டஈடு ஒரு கணக்கு. தண்டனைத் தொகைங்கறது வேற. அது உங்க நஷ்டத்துக்கு இல்ல, அவங்க இன்னொருத்தருக்கு இப்படிச் செய்யாம இருக்க முதுகுல விழற சவுக்கடி. வெறும் முரட்டுத்தனம் போதாது, மனசறிஞ்ச கொடுமையா இருக்கணும்." எனக்குச் சவுக்கு என்ற சொல் பிடித்துப்போனது.

போன புதன்கிழமை விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் என் ஞாபகத்தைச் சோதிக்கிறேன் என்று வாயைக் கொடுத்தார். அன்றைய ஆட்டத்தில் யார் எந்த நிமிஷம் கோல் போட்டார்கள், அதற்கு முந்தின வருஷம் யார், அதற்கும் முந்தின வருஷம் யார் என்று நான் ஆரம்பித்து, பதினோராவது வருஷம் போவதற்குள் நீதிபதி அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறை. "போதும், இவர் குடிக்கலன்னு நம்பறேன்" என்று இருபத்திரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்கச் சொன்னார். "வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்றார்.

"மைக் வேணும்மா. எந்த ஒலிபெருக்கியில குடிகாரன்னு சொன்னாங்களோ, அதே ஒலிபெருக்கியில இல்லன்னு சொல்லணும்."

"சட்டத்துல எங்கிட்ட பணம்தான் இருக்கு. மைக் இல்லையே."

சரி, சவுக்காவது கிடைக்கட்டும் என்றிருந்தேன். மெக்ஃபாடன் எழுந்து, "அறிவிச்சப்ப ஹெர்மனோட குரல்ல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். திமிர் என்று சொல்ல வேண்டுமாம். பைபிள்மேல் கை வைத்துவிட்டேனே! "அழுகை. அவன் மூக்கை உறிஞ்சினது எழுநூறு பேருக்கும் கேட்டுச்சு" என்றேன். மெக்ஃபாடன் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார். தண்டனைத் தொகை உண்டா இல்லையா என்பது திங்கட்கிழமை தெரியும்.

எது கிடைத்தாலும் சரி, அந்தக் கோவேறு கழுதை, அந்த வாழ்த்துமடல் வாசித்த வாயில்லாப் பூச்சி ஹெர்மன் ஃபேரின் முகத்தில் சாகும்வரை விழிக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் பனியில் வழுக்காமல் இருக்கட்டும்.

உன் தம்பி,
ஒரெஸ்ட்

பின்குறிப்பு: ஓல்கா அக்கா, மேலே கண்ட கோவேறு கழுதை நான்தான். இந்தக் கடிதத்தையும் நானே எழுதினேன். என் முகத்தில் விழிக்காமல் இருப்பதற்காக அவர் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சொன்னார். ஒரு திட்டைக்கூட நான் குறைக்கவில்லை, இந்தத் தடவை சரியாகவே வாசித்தும் காட்டினேன். நேற்று மதிய ஆட்டத்தின் இடைவேளையில் மைக்கைப் பிடித்து, "ஒரெஸ்ட் குடிக்கல, பிளாஸ்க்குல இருந்தது பீட்ரூட் சூப், தப்பு எங்களோடது" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை முடிவதற்குள் கமிட்டி என்னையும் வேலையை விட்டு நீக்கிவிட்டது, அதே மைக்கில். சுவரைப் பார்த்தபடியே அவர் சொல்கிறார்: "சம்பளத்த மட்டும் வாங்கிட்டு வந்துடாதடா, சவுக்கையும் கேளு. சாட்சிக்கு நான் வரேன்."